மந்திரிசபை போனால் மதுவிலக்கும் போகுமா?

கேள்வி: 1939இல் வட ஆற்காட்டில் கள்ளுக்கடைகளை மூடிய மாதமே ராஜாஜி மந்திரிசபையும் விலகிவிட்டது என்று என் தாத்தா சொல்வார். அது உண்மையா? பிறகு ஆண்டது யார்? கடைகள் உடனே திறந்துவிட்டனவா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: தாத்தா சொன்னது சரியே. மதுவிலக்கு 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் தொடங்கி, மறு ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும் பரவியது. இருபுறமும் கடைகள் மூடப்பட்டபின் நடுவில் இருந்த நம் மாவட்டத்தை மட்டும் விட்டுவைத்தால் எல்லையோரக் கடைகள்தாம் கொழித்திருக்கும். இங்கு 1939 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு வந்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதமே வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்களைக் கலக்காமல் இந்தியாவும் போரில் இறங்கியதாக அறிவித்திருந்தார். அதைக் கண்டித்து மாகாணங்களின் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி விலகியபோது, அக்டோபர் இறுதியில் ராஜாஜியும் விலகினார்.

215 இடங்கள் கொண்ட சட்டசபையில் 159 இடங்களை வென்ற கட்சி விலகியதும் தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 93ஆம் பிரிவோ, அத்தகைய நேரத்தில் நிர்வாகம் முழுவதையும் ஆளுநரே எடுத்துக்கொள்ள வழிசெய்திருந்தது. அதன்படி முதலில் எர்ஸ்கினும், 1940 முதல் ஆர்தர் ஹோப்பும் ஆலோசகர்களான அதிகாரிகளை வைத்துக்கொண்டு 1946 வரை ஆண்டார்கள். பள்ளிகளில் கட்டாய இந்தியை எர்ஸ்கின் 1940 பிப்ரவரியிலேயே விலக்கிக்கொண்டார். மதுவிலக்குக்கு அந்த அவசரம் காட்டப்படவில்லை. போர்க்காலத்தின் இடையில்தான் அது நிறுத்திவைக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. கள்ளுக்கடை ஏலத்திலும் மரவரியிலும் கஜானாவுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோகும் என்பதால், அதை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மதுவிலக்கை நிறுத்திய ஆளுநர் ஆட்சி, அதற்காகவே பிறந்த அந்த வரியை நிறுத்தவில்லை. கள்ளுக்காசும் வந்தது, கடைக்காரர் கட்டிய வரியும் வந்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அரசுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மீண்டும் மந்திரிசபைகள் வந்தபின் மதுவிலக்கும் திரும்பியது. ஓமந்தூரார் காலத்தில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. விற்பனை வரியும் கூடவே தொடர்ந்தது.

கேள்வி: அந்த நாளில் நம் பக்கத்துக்காரர் யாராவது முதல்வராக இருந்தாரா?
– வாசகர், ஆற்காடு

பதில்: இருந்தார். திருத்தணிப் பக்கத்து முனுசாமி நாயுடு, நீதிக்கட்சியின் சார்பில் 1930 முதல் 1932 வரை முதலமைச்சராக இருந்தார். அது இரட்டையாட்சிக் காலம். கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் மட்டுமே அமைச்சர்களிடம் இருந்தன, நிலவரியும் போலீசும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தன. சொந்தக் கட்சிக்காரர்களின் எதிர்ப்பால் அவர் விலக, பொப்பிலி ராஜா வந்தார். திருத்தணி எப்படி நம் பக்கம் என்று சிலர் கேட்கக்கூடும்: 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அதுவும் வட ஆற்காட்டில்தான் இருந்தது.