கிராஃபைட் பூச்சின் மின்தடை மல்டிமீட்டரில் ஒவ்வொரு முறையும் மாறுவது ஏன்?

மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பூச்சின் மேல் நேரடியாக ஊன்றி அளந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அப்படி அளந்தால் முனை தொடும் புள்ளியின் தடையும் பூச்சின் தடையோடு சேர்ந்துகொள்ளும். கையின் அழுத்தம் மாறும்போதெல்லாம் எண்ணும் மாறும்.

நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து சென்ற கிராஃபைட் பூசிய அட்டைகளை, வாங்கிய நிறுவனத்தின் ஆய்வாளர் இதே முறையில் அளந்துவிட்டு, தடை அதிகம் என்று மொத்தமாகத் திருப்பி அனுப்பினார். ஒப்பந்தத்தில் இருந்ததோ சதுரத்துக்கு 50 ஓம் என்ற வரம்பு, அதாவது பூச்சின் ஒரு சதுரத் துண்டில் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையே உள்ள தடைக்கான வரம்பு. பூச்சின் கனம் சீராக இருந்தால், 1 செ.மீ. சதுரமானாலும் 1 மீட்டர் சதுரமானாலும் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையே தடை ஒன்றுதான். நீளம் கூட்டுவதை அகலம் ஈடுகட்டிவிடும். அந்த அட்டையிலிருந்தே 2 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி, 10 செ.மீ. இடைவெளி விட்டு இரு முனைகளிலும் முழு அகலத்துக்கும் மின்சாரத்தைக் கடத்தும் வெள்ளிப் பெயிண்ட் பூசி, அது காய்ந்தபின் அதன் மேல் மல்டிமீட்டரின் முனைகளை வைத்து அளந்தோம். 170 ஓம் வந்தது. அந்த நீளத்தில் ஐந்து சதுரங்கள் அடங்குவதால் சதுரத்துக்கு 34 ஓம். சரக்கில் குறையில்லை என்று நிரூபித்தும், பணம் வர மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள் என்பது இன்றும் எனக்கு ஆறாத மனக்குறை.

மல்டிமீட்டரே உதவாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேற்சொன்ன அளவையும் அதில்தான் எடுத்தோம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் நான்கு முனைக் கருவி இருக்கிறது. சம இடைவெளியில் ஒரே வரிசையில் நிற்கும் நான்கு முனைகளில் வெளி இரண்டும் மின்னோட்டத்தைச் செலுத்த, உள் இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கும். அந்த உள்முனைகள் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாததால் தொடுபுள்ளித் தடை கணக்கில் நுழைவதில்லை. முனைகளின் இடைவெளியைவிடப் பூச்சு மிக அகலமாக இருந்தால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.532 ஆல் பெருக்கினால் சதுரத்துக்கான தடை கிடைக்கும்.

அளப்பதற்கு முன் பூச்சு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை கிராஃபைட் துகள்கள் ஒன்றையொன்று சரியாகத் தொடாது. கனத்தையும் குறித்துவையுங்கள்: 25 மைக்ரானில் 34 ஓம் காட்டும் அதே பூச்சு 50 மைக்ரானில் ஏறத்தாழ 17 ஓம்தான் காட்டும். கனம் குறிப்பிடாமல் வெறும் ஓம் எண்ணை மட்டும் எழுதி வரும் கொள்முதல் ஆணைகளை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.