பந்து தலைக்கு மேல் பறக்கிறது: காணொளிப் பாடம் போதுமா?

அக்கா, சுங்கை சிப்புட் பக்கம் சாஃப்ட்பால் (கையைச் சுற்றிக் கீழிருந்து பந்து வீசும் ஆட்டம்) பயிற்சியாளர் இல்லை, மகள் காணொளி பார்த்தே வீசுகிறாள், பந்தெல்லாம் பிடிப்பவர் தலைக்கு மேல் போகிறது என்றீர்கள். பெரும்பாலும் பந்தைத் தாமதமாக விடுகிறாள். கை சுற்றி இறங்கி இடுப்பை ஒட்டி வரும்போதே மணிக்கட்டைச் சொடுக்கி விடவேண்டும். தொடையைத் தாண்டிவிட்டால் பந்து ஏறிவிடும். உடல் பின்னால் சாய்ந்தாலும் இதே கதைதான்.

கைப்பேசியை வீசும் கைப்பக்கம் இடுப்பு உயரத்தில் வைத்து மெதுவோட்டத்தில் எடுங்கள். பந்து விரலை விட்டுப் போகும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஆட்டத்தில் வீசும் 43 அடித் தூரத்தை மறந்துவிடுங்கள். சுருட்டிய காலுறையை 3 மீட்டர் தள்ளி நின்று சுவரில், மணிக்கட்டால் மட்டும், தினம் 30 தடவை.

காணொளி அசைவைக் காட்டும்; அவள் தோளை இறுக்குவதை அது பார்க்காதே! அதற்கு மாதம் ஒருமுறையாவது ஈப்போவில் ஒரு பயிற்சியாளரிடம் நேரில் காட்டுங்கள். தோள் வலித்தால் அன்றைக்கு வீசவேண்டாம்.