பங்குத் தொகை கட்டத் தயங்கும் வீடுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் 40 வீடு கூட்டாகச் சேர்ந்து மளிகை வாங்கலாம் என்று தலையாட்டிவிட்டு, ரூ.500 பங்குத் தொகை கேட்டதும் 9 வீடுதான் கொடுத்தது என்கிறீர்கள். இதில் மனசு விட்டுப்போக ஒன்றுமில்லைங்க. சீட்டிலும் அதிக வட்டி ஆசையிலும் பணத்தை விட்டவர்கள் வேலூர், ஆரணி பக்கம் எத்தனையோ பேர். ‘முதலில் பணம்’ என்றாலே பயம்தான்.

அதனால் பங்குப் பேச்சை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த 9 வீட்டை வைத்து அரிசி, துவரம்பருப்பு இரண்டை மட்டும் முன்பணம் வாங்கி ஆர்டர் போடுங்கள். அரிசி 26 கிலோ சிப்பமாகவே போகட்டும், பிரிக்காதீர்கள். பருப்பு மூட்டையைப் பிரித்தால் தூசி, சிதறல் என்று கொஞ்சம் குறையும். அந்த நஷ்டத்தை விலையில் சேர்த்துவிடுங்கள். எடையில் கைவைத்தால் அன்றோடு பெயர் கெட்டது. முத்திரை போட்ட தராசில், வாங்குபவர் கண்ணெதிரே நிறுங்கள். மண்டி பில்லை அன்றே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். காய்கறி இப்போது வேண்டாம். மிஞ்சினால் வாடிவிடும், உழவர் சந்தையும் பக்கத்திலேயே இருக்கிறது.

பணம் உங்கள் சொந்தக் கணக்கில் வரவே கூடாது. இருவர் கையெழுத்திடும் கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். ‘விலகினால் 30 நாளில் பங்குத் தொகை திரும்பும்’ என்று பங்கு ரசீதிலேயே அச்சடியுங்கள். உறுப்பினர் அல்லாதவருக்கும் கொடுங்கள், ஆனால் கிலோவுக்கு ரூ.3 கூடுதலாக. மகளிர் குழுவில் பாஸ்புக் பார்த்துப் பழகிய பெண்களிடம் முதலில் பேசுங்கள்.

25 பேர் உறுதியான பிறகு கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதிவு செய்வது பற்றிக் கேளுங்கள்.