எட்டு விநாடி - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் தோல்விகளைப் பற்றி எழுதும்போது 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் தேடிப்பிடித்து அதன் கடைசி நாள் காட்சிகளைப் பார்த்தேன். மூன்று வாரம், 3,285 கிலோமீட்டர், கடைசியில் வித்தியாசம் 8 விநாடி. கிரெக் லெமாண்ட் ஏதோ புதுவிதமான ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து போகிறார், லோரான் ஃபின்யோன் தலையில் ஹெல்மெட்கூட இல்லாமல் பழைய முறையில் மிதித்துத் தோற்றுப்போகிறார். இதில் ஜெயித்தது மனிதனா, ஹேண்டில்பாரா? எல்லாருக்கும் ஒரே சைக்கிளைக் கொடுத்திருந்தால் ஃபின்யோன்தானே ஜெயித்திருப்பார்? அதன்பிறகு கடைசி நாளில் இப்படி ஒரு போட்டி வைத்தார்களா?

கே.

அன்புள்ள கே.,

எனக்கும் ஃபின்யோனைத்தான் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டக் கண்ணாடி, பின்னால் கட்டிய குடுமி, பத்திரிகைக்காரர்களைக் கண்டாலே வரும் எரிச்சல், எல்லாமே பிடிக்கும். ஆனாலும் அநியாயம் நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் பார்த்தது கடைசி 24.5 கிலோமீட்டர் மட்டும். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு டைம் டிரையல், அதாவது ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டி போடுவது. அதற்கு முந்தைய மூன்று வாரத்தைப் பாருங்கள். இரண்டாம் கட்டம் அணியாகச் சேர்ந்து ஓட்டும் டைம் டிரையல். அதில் ஃபின்யோனின் சூப்பர் யூ அணி முதலிடம், லெமாண்டின் ஏடிஆர் 51 விநாடி பின்னால். ஃபின்யோனுக்கு அந்த 51 விநாடியைச் சம்பாதித்துக் கொடுத்ததில் அவருடைய கால்களோடு கூட வந்தவர்களின் கால்களுக்கும் பங்கு உண்டு. லெமாண்டின் அணியோ மலை ஏறத் தொடங்கினால் காணாமல் போய்விடும். எல்லாருக்கும் ஒரே சைக்கிள் என்றால் எல்லாருக்கும் ஒரே அணியும் கொடுக்க வேண்டாமா?

அப்புறம் அந்த ஹேண்டில்பார். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்த யாருக்கும் இது தெரியும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே நெஞ்சு ஹேண்டில்பாரில் படிந்துவிடும். டிரையத்லான்காரர்கள், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் செய்பவர்கள், செய்ததும் அதைத்தான்: கையை முன்னால் நீட்டி, முழங்கையை ஊன்றிக்கொள்ள ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். இதை லெமாண்ட் கடைசி நாளில் ரகசியமாக வெளியே எடுக்கவில்லை. ஐந்தாம் கட்டத்தில், டினாரிலிருந்து ரென் வரை 73 கிலோமீட்டர் டைம் டிரையலில், ஊரறிய அதோடுதான் ஓட்டினார், ஃபின்யோனை 56 விநாடி முந்தினார். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. உடம்புக்கு மூன்று தாங்குபுள்ளிதான் இருக்கலாம், இது நான்காவது, விதிக்குப் புறம்பு என்று ஃபின்யோன் பின்னாளில் குறைபட்டார். சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிகாரிகள் அனுமதித்தார்கள், அனுமதித்தபிறகு அவரும் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாம். தொழில்நுட்பம் வேண்டாம் என்று ஒதுங்கியவரும் இல்லை அவர். படத்தை இன்னொரு முறை பாருங்கள், ஃபின்யோனின் சைக்கிளில் இரண்டு சக்கரமும் மூடிய டிஸ்க். லெமாண்டுக்குப் பின்சக்கரம் மட்டும்தான்.

மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி கைமாறிய கணக்குதான் எனக்கு இந்தப் போட்டியில் மிகப் பிடித்தது. ரென்னில் லெமாண்ட் 5 விநாடி முன்னால். பிரனீஸ் மலையில் சூப்பர்பன்யேரில் ஃபின்யோன் 7 விநாடி முன்னால். ஓர்சியேர் மலை டைம் டிரையலில் மறுபடி லெமாண்ட், 40 விநாடி. அல்ப் துவெஸில் மறுபடி ஃபின்யோன், 26. அந்த ஏற்றத்தில் நடந்ததை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபின்யோனின் மேலாளர் சிரில் கிமார், ஒருகாலத்தில் ரெனோ அணியில் லெமாண்டையும் வளர்த்தவர். லெமாண்டின் தோள்கள் ஆடத் தொடங்கியதைப் பார்த்தவுடனே ஆள் தீர்ந்துவிட்டான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. காரில் பக்கத்தில் வந்து இப்போது தாக்கு என்று ஃபின்யோனிடம் சொன்னார். அவரும் தாக்கினார். பெற்ற பிள்ளையின் காய்ச்சல் அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி, அதுவும் எதிரணிக்காக! மறுநாள் வில்லார் தெ லான்ஸில் ஃபின்யோன் தனியாகப் போய் ஜெயித்து முன்னிலையை 50 விநாடியாக்கினார்.

24.5 கிலோமீட்டரில் 50 விநாடி. கிலோமீட்டருக்கு இரண்டு விநாடிக்கு மேல் பிடித்தாக வேண்டும், நடக்காத காரியம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஃபின்யோனுக்கு சீட்டில் உராய்ந்து புண், உட்காரவே முடியாத வலி, முந்தின இரவு சரியாகத் தூக்கமில்லை. இதை வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்கள். லெமாண்ட் தரப்பிலும் ஒன்று இருக்கிறது, அதை எந்த ஹேண்டில்பார் கணக்கிலும் சேர்க்க முடியாது: 1987 ஏப்ரலில் வேட்டைக்குப் போன இடத்தில் மைத்துனரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, எடுக்க முடியாத ஈயக் குண்டுகள் அவர் உடம்பிலேயே, இதயத்தின் உறையில்கூட, தங்கிவிட்டன. அப்படிப்பட்டவர் அன்று வழியில் யாரும் எனக்கு நேரம் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். 26 நிமிடம் 57 விநாடி, சராசரி மணிக்கு 54.5 கிலோமீட்டர். ஃபின்யோன் 27:55, அதாவது 58 விநாடி அதிகம், 50 போக மிச்சம் 8. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் புண்ணோடு அவர் அன்றைக்கு மூன்றாவதாக வந்தார், மோசமாக ஓட்டவே இல்லை.

ஹேண்டில்பார் இல்லாவிட்டால் லெமாண்ட் தோற்றிருப்பாரா? ஆமாம், பெரும்பாலும் தோற்றிருப்பார். புண் இல்லாவிட்டால்? ஃபின்யோன் ஜெயித்திருப்பார். மூன்று வாரத்தில் எந்த வளைவில், எந்த ஏற்றத்தில் வேண்டுமானாலும் போயிருக்கக்கூடிய எட்டு விநாடி இது. அந்த வருடம் பெட்ரோ டெல்காடோ, முந்தைய ஆண்டு ஜெயித்தவர், லக்ஸம்பர்க்கில் முதல் நாள் கிளம்பும் இடத்துக்கே 2 நிமிடம் 40 விநாடி தாமதமாக வந்தார். கடைசியில் மூன்றாம் இடம், 3:34 பின்னால். அவருக்காக யாரும் இதுவரை எனக்குக் கடிதம் எழுதவில்லை.

கடைசிக் கேள்விக்குப் பதில்: வைத்தார்கள், ஆனால் 35 வருடம் கழித்து. 2024இல் பாரிஸில் ஒலிம்பிக்ஸ் நடக்கவிருந்ததால் டூர் நீஸில் முடிந்தது, கடைசி நாள் மொனாக்கோவிலிருந்து டைம் டிரையல். நானும் ஆசையாக உட்கார்ந்து பார்த்தேன். போகாச்சர் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னிலையோடு கிளம்பி அதையும் ஜெயித்தார். நான் பாதியில் எழுந்து டீ போடப் போய்விட்டேன்.