ஐவிஎஃப் செலவை மருத்துவக் காப்பீடு ஏற்குமா?

'பாலிசியில் குழந்தையின்மை சிகிச்சை உண்டு' என்று ஏஜென்ட் சொன்னதாகவும், ஐவிஎஃப்புக்கு (கருமுட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்த்து, உருவாகும் கருவைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) பணம் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

பல பாலிசிகளில் அந்த 'உண்டு' என்பது காரணம் கண்டறியும் பரிசோதனைகளோடு நின்றுவிடும். ஸ்கேனுக்கும் விந்துப் பரிசோதனைக்கும் பணம் வரும். கருமுட்டை எடுப்பதும் கருவைக் கருப்பையில் வைப்பதும் விலக்குப் பட்டியலில் இருக்கும். அதனால் முதலில் விலக்குகள் பகுதியைப் படியுங்கள். விளம்பரத் தாளை ஓரமாக வையுங்கள்.

அடுத்து வரம்பு. ஆண்டுக்கா, ஆயுளுக்கா, சுழற்சிக்கா (ஊசி தொடங்கிக் கருவை வைப்பது வரையான ஒரு சுற்று சிகிச்சை)? சுழற்சி என்றால் குடைந்து கேளுங்கள். ஊசி போட ஆரம்பித்து, முட்டை சரியாக வளராமல் பாதியில் நிறுத்தினாலும் ஒன்று கழியுமா? உறையவைத்த கருவைப் பிறகு வைத்தால் அது தனிச் சுழற்சியா? ஹார்மோன் ஊசிகளின் செலவு மருந்துப் பிரிவில் தனியாக வரலாம், அதையும் கேளுங்கள்.

தகுதிக்குப் பொதுவாக 12 மாதம் முயன்றும் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் பெரும்பாலும் 6 மாதம். முயற்சி தொடங்கிய மாதத்தை டாக்டரின் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), கருப்பைக் கட்டி போன்றவை இருந்தால், அந்த அறுவை சிகிச்சை அந்த நோயின் பெயரிலேயே வழக்கமான கிளெய்மாகப் போகக்கூடும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

சிகிச்சை தொடங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டு, டாக்டரின் கடிதத்தோடு மேல்முறையீடு செய்யுங்கள்.