அரிஷ்டமும் ஐந்து ஒத்திகையும்

கேள்வி: ஐயா, நான் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறேன். போன மாதம் காலை கேட்டுக்கு வெளியே இட்லி சாப்பிட்டு, மூட்டு வலிக்கு எப்போதும் குடிக்கிற அரிஷ்டம் இரண்டு மூடி குடித்துவிட்டு உள்ளே போனேன். உடனே ஊதச் சொன்னார்கள். மெஷின் கத்திவிட்டது. மறுபடி ஊதுகிறேன் என்றேன், விடவில்லை. மூன்று நாள் வேலை போச்சு. அடுத்து போதைப்பொருளுக்கு மூத்திரப் பரிசோதனையும் உண்டாம். நான் என்ன கேட்கலாம்?
– ஓட்டுநர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, அந்த பாட்டில் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்கிற மருந்து, அதில் தானாக ஊறிய ஆல்கஹால் இருக்கும். இரண்டு மூடியில் ரத்தத்துக்குப் போவது சொற்பம். வாயில் தங்குகிற ஆவிதான் வம்பு. 2025 ஜூலையில் பந்தளம் பஸ் டிப்போவில் பலாச்சுளை தின்ற டிரைவர்களையே மெஷின் குடிகாரர்களாக்கியதே!

இதற்கு மருந்து காத்திருப்பதுதான். வாயில் எதுவும் போடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால் வாயிலிருக்கும் ஆவி போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியில் முதல் ஊதலில் 0.02 (100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 20 மில்லிகிராம்) வந்துவிட்டால், குறைந்தது 15 நிமிடம் கழித்து, 30 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை ஊதச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது அளவுதான் கணக்கு. நம் ஊர்த் தொழிற்சாலையை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரே ஊதலில் மூன்று நாள் கூலியை வெட்டியது என் கண்ணில் பாதிச் சோதனை. இரண்டாவது ஊதலும், மெஷினைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் எழுத்தில் கேளுங்கள்.

சித்தூர் தாலுக்காவில் இருந்துகொண்டு கள்ளைப் பற்றிப் பேசாமல் விட முடியுமா? ராத்திரி 11 மணிக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு 150 மில்லிகிராம் இருந்தது என்று வையுங்கள். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். காலை 6 மணிக்கு இன்னும் 45 மிச்சம். சாலையில் சட்டம் விடுவது 30 வரைதான். தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூங்கி எழுந்தேன், குளித்தேன், மோர் குடித்தேன் என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது.

மூத்திரப் பரிசோதனைக்குப் போனால் கண்ணை கப்பிலிருந்து எடுக்காதீர்கள். நான் லேப் டெக்னீஷியனாக இருந்த 31 வருடத்தில் ஆறு வருடம் கொச்சியில், கப்பல் வேலைக்காரர்களுக்கு அந்த அமெரிக்க விதிப்படி சாம்பிள் எடுத்தேன். ஒரு நாள் பேனா எழுதவில்லை என்று, மூடாத கப்பை மேஜையில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். பத்து எட்டு தூரம்தான். திரும்பி வந்தபோது மேலதிகாரி கப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "இது இனி யாருடைய மூத்திரம்?" என்று ஒரே கேள்வி. எல்லாம் முதலிலிருந்து. வந்த மாலுமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்த விதியில் 45 மில்லி வாங்கி, உங்கள் கண்ணெதிரே 30, 15 என்று இரண்டு பாட்டிலில் பிரித்து சீல் வைப்பார்கள். முதல் பாட்டிலில் போதைப்பொருள் தெரிந்தால், சொன்னதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் இரண்டாவதை வேறு லேபில் பார்க்கச் சொல்லலாம். உங்கள் கம்பெனியிலும் இரண்டு பாட்டில் கேளுங்கள். சீல் வைக்காத பாட்டிலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: சார், டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்திருக்கிறேன். கம்பெனிகளுக்குப் போய் சாம்பிள் எடுக்கும் வேலைக்கு அழைக்கிறார்கள். தனித் தகுதி வேண்டுமா? ஒரு நாள் வகுப்புக்குச் சர்டிபிகேட் தருகிறோம் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: அம்மா, பணத்தை எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி: "ஐந்து ஒத்திகை பார்ப்பீர்களா?"

அமெரிக்க விதியில் சாம்பிள் எடுப்பவருக்கு லேப் டிப்ளமோவே கட்டாயமில்லை. பாடம் படித்து, ஒரு பயிற்சியாளர் முன்னால் ஐந்து ஒத்திகையைத் தொடர்ச்சியாகப் பிசகில்லாமல் செய்து காட்ட வேண்டும். இரண்டு சாதாரணமானவை. ஒன்றில் மூத்திரம் போதாது. அப்போது மூன்று மணி நேரம் வரை தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இன்னொன்றில் சூடு பிசகும். கப் கைக்கு வந்த 4 நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பைப்புத் தண்ணீரோ, சட்டைக்குள் ஒளித்து வந்த வேறொருவருடையதோ என்று சந்தேகம். கழிவறைத் தண்ணீரில் நீலம் கலந்து வைப்பதும் இதற்காகத்தான்.

ஐந்தாவது ஒத்திகையில், சாம்பிள் கொடுக்க வந்தவர் கையெழுத்துப் போட மறுப்பார். அந்த வேடம் போட்ட என் பயிற்சியாளர் மேஜையைத் தட்டிக் கத்தினார். நான் "போடுங்க சார்" என்று கெஞ்சினேன். அதோடு தோல்வி, மறுபடி ஒன்றிலிருந்து. கெஞ்சவும் கூடாது, மிரட்டவும் கூடாது. மறுத்தார் என்று குறிப்பில் எழுதிவிட்டு சாம்பிளை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபயிற்சி உண்டு. உங்கள் பிழையால் ஒரு சோதனை ரத்தானால் 30 நாளுக்குள் திருத்தப் பயிற்சி. நம் நாட்டில் தனியார் கம்பெனிகளுக்கென்று இப்படி ஒரே விதி இல்லை. அதனால்தான் ஒரு நாள் சர்டிபிகேட் விற்கிறது. லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களின் தரம் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். உங்களைப் பழக்க ஆள் இருக்கிறாரா என்று அதற்கு முன்னால் பாருங்கள்.

கேள்வி: குருமாவில் கசகசா சேர்த்தால் கம்பெனி மூத்திரப் பரிசோதனையில் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வாரா?
– இல்லத்தரசி, மீனாட்சிபுரம்

பதில்: அது அபினிச் செடியின் விதைதானே? மார்பின் கொஞ்சம் தெரியலாம். இந்தத் தொல்லைக்காகவே 1998-இல் அமெரிக்காவில் மார்பின் வரம்பை மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக ஏற்றினார்கள். உங்கள் வீட்டுக்காரர் கம்பெனியின் லேப் எந்த வரம்பு வைத்திருக்கிறது என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். அதுவரை குருமாவுக்கு முந்திரி அரைத்து ஊற்றுங்கள். குடிக்கிற மருந்து விவரமெல்லாம் முடிவு சொல்கிற டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும், கப் நீட்டுகிற பையனிடம் அல்ல.