ஈசிஇ சீட் கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா?

வணக்கம் சார். கவுன்சலிங்கில் மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை, ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) தான் வந்தது, "டவர் வேலைக்கா பொண்ணை அனுப்பப் போறே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்றீர்கள். சீட்டை விடுவதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் போகும்போது, ஆண்ட்ராய்டு போனில் யாருடனாவது பேசிக்கொண்டே, செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் பக்கத்தை அவள் பார்த்துக்கொண்டு வரட்டும். சிக்னல் அளவு, வந்து சேரும் சக்தியைச் சொல்லும் டிபிஎம் என்ற அலகில் தெரியும். மைனஸ் 80 என்று இருந்தது மைனஸ் 110க்கு இறங்கினால், 30தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு 10 குறையும்போதும் சக்தி பத்தில் ஒரு பங்காகும் என்பதால், உண்மையில் போனுக்கு வந்து சேரும் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்காகியிருக்கும். சிக்னல் நன்றாக இருக்கும்போது 256 க்யூஏஎம் என்ற மாடுலேஷனில் (தகவலை அலையில் ஏற்றும் முறை) ஒரு சிம்பலுக்கு, அதாவது ஒரு தடவை அனுப்பும் அலைத்துண்டுக்கு, 8 பிட் ஏற்றும் நெட்வொர்க், மங்கினால் க்யூபிஎஸ்கே என்ற எளிய முறைக்கு இறங்கி 2 பிட்டோடு நிறுத்திக்கொள்ளும். சந்தை இரைச்சலில் நாம் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறோமே, அப்படி.

இறங்கிக்கொண்டே போன எண் சட்டென்று ஏறினால், பெரும்பாலும் அங்கே டவர் மாறியிருக்கும். இதுதான் ஹேண்டோவர். 4ஜியில் பேசிக்கொண்டிருக்கும் போன் தானாக மாறாது. பக்கத்து டவரையும் அளந்து சொல்லும், அவ்வளவுதான். முடிவு நெட்வொர்க்கினுடையது. அவசரப்பட்டு மாற்றினால் அழைப்பு இரண்டு டவருக்கும் நடுவே பந்தாடப்படும். தாமதித்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அதனால் பக்கத்து டவர் இத்தனை டெசிபல் கூடுதலாக, இத்தனை மில்லிசெகண்ட் நீடித்தால் மட்டுமே மாற்று என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பைத் தீர்மானிப்பது ஈசிஇ படித்தவர் செய்யும் வேலை.

வேலை விஷயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. காரில் லேப்டாப்பும் போன்களுமாக ஊர் ஊராக சிக்னலை அளந்து பார்க்கும் டிரைவ் டெஸ்ட் போவதில்தான் பலர் தொடங்குகிறார்கள். அலைச்சல் அதிகம். அனுபவத்துக்கு நல்லது, ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது. புரோட்டோகால் டெஸ்டிங் (போனும் நெட்வொர்க்கும் விதிப்படி பேசிக்கொள்கின்றனவா என்று சோதிப்பது), மோடம் (போனில் சிக்னலைக் கையாளும் பகுதி) சாஃப்ட்வேர், சிப் வடிவமைப்பு என்று மேலே போக வழி இருக்கிறது. அதற்கு சி, பைத்தான் தெரிய வேண்டும். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், ப்ராபபிலிட்டி இரண்டையும் பாஸ் மார்க்குக்காக மட்டும் படித்தால் போதாது. 2022இல் இந்தியாவில் திறக்கப்பட்ட 5ஜி சோதனைக்களத்தை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியது சென்னை ஐஐடிதான். இது எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடக்கிற வேலை இல்லை.

கணக்கு என்றாலே அவளுக்கு அலுப்பு என்றால் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். நான்கு வருடமும் அரியரும் அழுகையுமாகப் போய்விடும். ரயில் பயணம் முடிந்து வந்து, "ஏம்பா, அந்த ஸ்டேஷன்கிட்ட மட்டும் ஏன் அவ்வளவு இறங்கிச்சு?" என்று அவளாகவே கேட்டால், யோசிக்காமல் சீட்டை உறுதி செய்துவிடுங்கள்.